செரோக்கி ஆட்டோமேட்டிக் கியரிலிருந்து மேனுவலுக்கு மாற்றியாச்சு: ரிவர்ஸ் கரகரக்கிறது, ஐட்லிங்கும் சரியில்லை

கேள்வி:
வணக்கம். வண்டி 1993 ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே, 4.0 லிட்டர் இன்ஜின். ஏடபிள்யூ-4 ஆட்டோ கியர்பாக்ஸை இறக்கிவிட்டு, அதே வருடத்து மேனுவல் வண்டியிலிருந்து ஏஎக்ஸ்-15 ஐந்து கியர் பெட்டியை ஏற்றியிருக்கிறோம். பெடல், ஃப்ளைவீல், பெல் ஹவுசிங் (இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் உறை) எல்லாம் அந்த வண்டியுடையதுதான். கிளட்ச் செட், ஸ்லேவ் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் கிளட்ச்சை விடுவிப்பது), பைலட் பேரிங் (பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் முனையைக் கிராங்க் நுனியில் தாங்குவது) மட்டும் புதுசு. டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரிக்கும் பெட்டி) பழைய என்பி-231, ஷாஃப்ட் பொருந்தும் இடத்தில் 23 பல், அப்படியே உட்கார்ந்துவிட்டது.

இரண்டு தொல்லை. ஒன்று, இன்ஜின் ஓடும்போது ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பல் உரசுகிறது, கிளட்ச்சை முழுசாக மிதித்துக்கொண்டு பத்து விநாடி பொறுத்துப் போட்டாலும் அப்படித்தான். இன்ஜினை அணைத்துவிட்டால் எல்லா கியரும் வெண்ணெய் மாதிரி விழுகிறது. இரண்டு, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தால் ஐட்லிங் மாறுகிறது, மிதித்தால் பழையபடி ஆகிறது. கியர்பாக்ஸை மறுபடி இறக்காமல் சரி செய்ய வழி இருக்கிறதா?

பதில் 1:
கிளட்ச் ஆயில் லைனில் ஏர் இருக்கும் சகோ. 93 வரைக்கும் ஏஎக்ஸ்-15ல் ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்கு உள்ளே, இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும், அதில் ஏர் எடுப்பது பெரும்பாடு. 94லிருந்துதான் வெளியே வைத்தார்கள். நிதானமாக இன்னொரு முறை பிளீட் பண்ணி ஏரை வெளியேற்றுங்கள்.

பதில் 2:
ஏர் இருக்கலாம், ஆனால் அதை ஊகிக்க வேண்டியதில்லை, சோதித்தே தெரிந்துகொள்ளலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் இரு சக்கர ஓட்டத்தில் இருக்கட்டும். முதல் கியர் போட்டு, கிளட்ச்சை அடிவரை மிதித்து ஸ்டார்ட் செய்யுங்கள். சக்கரம் சுற்றினால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள்.

பிரேக் தொட்டதும் இன்ஜின் இழுத்துப் பிடித்து அணையப் பார்த்தால் கிளட்ச் பிளேட் விடவே இல்லை: ஏர், பெடல் தூரம் போதாமை, பிளேட் திருப்பிப் போட்டது, இவற்றில் ஒன்று. சக்கரம் சட்டென்று நின்று இன்ஜினுக்கு ஒன்றுமே தெரியவில்லையென்றால் கிளட்ச் விட்டுவிட்டது, வேறு ஏதோ இன்புட் ஷாஃப்ட்டைக் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போகிறது. அந்தக் கொஞ்சம் பெரும்பாலும் பைலட் பேரிங்தான், கிளட்ச் விட்ட பிறகும் ஷாஃப்ட்டின் முனைக்குக் கிராங்க்கோடு தொடர்பு இருக்கும் இடம் அது ஒன்றுதான். அப்புறம், பெடலை நாலைந்து முறை அடித்துவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். சத்தம் குறைந்தால் ஏர்.

கேட்டவர்:
செய்து பார்த்தேன். சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது, பிரேக்கைத் தொட்டதும் நின்றுவிடுகிறது, இன்ஜின் அசையவில்லை. பெடலை அடித்தாலும் வித்தியாசம் இல்லை. கியர்பாக்ஸ் ஆயில் ஜிஎல்-3 75டபிள்யூ-90தான் ஊற்றியிருக்கிறோம்.

பதில் 2:
ஆயில் சரி. அப்படியென்றால் இறக்கித்தான் ஆக வேண்டும், வேறு வழி சொல்லி உங்களை இழுத்தடிக்க மனசில்லை. இறக்கியதும் முதலில் ஷாஃப்ட் முனையைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் பேரிங் அளவே இறுக்கம். ஏஎக்ஸ்-15ல் எல்லா வருடத்துக்கும் முனை ஒரே தடிமன் கிடையாது, வெர்னியர் வைத்து முனையையும் பேரிங் துளையையும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் பெல் ஹவுசிங் மையம் விலகியிருக்கிறது. இன்ஜின் பிளாக்கில் இரண்டு டோவல் பின்னும் இருக்கிறதா பாருங்கள், ஹவுசிங்கை மையத்தில் நிறுத்துவது அவைதான், போல்ட் இல்லை. பழைய ஆட்டோ பெட்டியை இழுக்கும்போது டோவல் அதன் துளையிலேயே சிக்கிக்கொண்டு போய்விடுவது உண்டு.

இன்னொன்று, ஏற்றும்போது பெட்டி கடைசி ஒரு அங்குலம் போகவில்லை என்று போல்ட்டை முடுக்கி இழுக்கவே கூடாது. பைலட் பேரிங் அங்கேயே நசுங்கிவிடும். கியரில் போட்டு, பின்னால் அவுட்புட் ஷாஃப்ட்டைக் கையால் லேசாகத் திருப்பிக்கொண்டே தள்ளினால் தானாக உட்காரும்.

பதில் 3:
ஐட்லிங்குக்கு நான் சொல்கிறேன். ஆட்டோ வண்டியின் இன்ஜின் கம்ப்யூட்டரை அப்படியே வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதில் தப்பில்லை. ஆனால் வண்டி பார்க்கிலோ நியூட்ரலிலோ இருக்கிறதா என்பதை அது பழைய நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச் ஒயரை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். எர்த் ஆனால் நியூட்ரல், ஆகாவிட்டால் கியர். ஸ்டார்ட்டர் ரிலேயின் எர்த்தும் அதே வழியாகத்தான் போகிறது. நீங்கள் அந்த ஒயரை கிளட்ச் பெடல் சுவிட்ச் வழியாக எர்த் பண்ணியிருப்பீர்கள், அதனால் காலை எடுத்ததும் கியர் போட்டுவிட்டதாக எண்ணி ஐட்லிங்கை மாற்றுகிறது. அந்த ஒயரை நிரந்தரமாக எர்த் பண்ணுங்கள், பெடல் சுவிட்ச்சைச் சாவியிலிருந்து ரிலேவுக்கு வரும் ஒயரில் போடுங்கள். உங்கள் வருடத்து ஒயரிங் படத்தை வைத்துக்கொண்டு செய்யுங்கள். பெடல் சுவிட்ச்சே வேண்டாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், கியரில் நிற்கும் வண்டி சாவி திருப்பியதும் பாய்ந்தால் முன்னால் நிற்பவர் கதி என்ன?

பதில் 1:
எல்லாம் முடிந்ததும் ஆக்ஸிலை மாற்றச் சொல்லி யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். உங்கள் ஆக்ஸிலின் பல் விகிதம் ஆட்டோவுக்கான 3.55 ஆக இருந்தால் அதுவே வரம். மேனுவல் வண்டிக்கு 3.07தான் கொடுத்தார்கள். ஏஎக்ஸ்-15ன் முதல் கியர் 3.83, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் 2.72, ஆக்ஸில் 3.55, மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 37 வருகிறது, பாறை இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமலே ஊர்ந்து இறங்கலாம். ஆட்டோவின் முதல் கியர் 2.80, அதில் 27தான்.

கேட்டவர்:
இறக்கிவிட்டோம். ஷாஃப்ட் முனையில் ஒரு பக்கம் மட்டும் நகக்கண் அகலத்துக்குக் கண்ணாடி போலத் தேய்ந்திருந்தது, மறுபக்கம் புதுசு மாதிரி. பிளாக்கில் ஒரு டோவல்தான் இருந்தது. இன்னொன்று, சொன்னபடியே பழைய ஏடபிள்யூ-4 ஹவுசிங்கில் துருப்பிடித்து ஒட்டியிருந்தது. எடுத்துச் சுத்தம் செய்து பிளாக்கில் அடித்து, புது பைலட் பேரிங் போட்டு ஏற்றினோம். இந்த முறை பெட்டி கையாலேயே போய் உட்கார்ந்தது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. எர்த்தை மாற்றியதும் ஐட்லிங்கும் நின்றுவிட்டது. மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. ரிவர்ஸ் விளக்கு மட்டும் எரியவில்லை.

பதில் 3:
ஐட்லிங் ஆட்டம் நின்றது என்று எடுத்துக்கொள்கிறேன், நல்லது. ரிவர்ஸ் விளக்கின் இரண்டு ஒயரும் அதே பழைய நியூட்ரல் சுவிட்ச் பிளக்கில்தான் இருக்கும். இக்னிஷன் ஆனில் ஒன்றில் 12 வோல்ட் வரும், மற்றது விளக்குக்குப் போகும். இரண்டையும் ஏஎக்ஸ்-15 பக்கவாட்டில் இருக்கும் ரிவர்ஸ் சுவிட்ச்சுக்கு நீட்டி விடுங்கள். சைலன்சர் குழாயிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.