இருண்ட நாயகனுக்கு இசை: எழுதியவர்களும் வாசித்தவர்களும் பகிரலாம்

இசையமைப்பாளர், உட்லண்ட்ஸ்

நானே தொடங்கி வைக்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் எடுத்த குறும்படம் அது. சிங்கப்பூரின் தோ பாயோவில் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் உச்சியில் இரவெல்லாம் நிற்கும் ஒரு முகமூடிக்காரன். காப்பாற்ற வந்தவனா, பழி தீர்க்க வந்தவனா என்று கடைசி வரை பிடிபடாது.

எடிட் செய்யும்போது ஏதோ ஒரு ஹாலிவுட் இசையைத் தற்காலிகமாக ஒட்டியிருந்தார்கள். தினமும் கேட்டுக் கேட்டு இயக்குநர் தம்பிக்கு அதுவே மனத்தில் பதிந்துபோயிற்று. படத்தை ஓரமாக வைத்துவிட்டு, திரைக்கதையை மட்டும் அனுப்பச் சொன்னேன். ‘ஜோக்கர்’ (2019) படத்துக்கு ஹில்டர் குட்னடோட்டிர் அப்படித்தான் வேலை செய்தார். படப்பிடிப்புக்கு முன்பே திரைக்கதையைப் படித்துச் செல்லோவில் எழுதத் தொடங்கினார். கழிவறையில் நாயகன் ஆடும் காட்சி அந்த இசையைக் கேட்டபடி எடுக்கப்பட்டதுதான். அதனால்தான் அங்கே உடம்பு இசையின் பின்னால் போகிறது. 2020இல் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தபோது நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

இருட்டு என்றதும் பலரும் டிராம்போனையும் டிரம்மையும் அலற விடுகிறார்கள். சத்தம் கூடினால் பயம் குறைகிறது என்பதே என் அனுபவம். டபுள் பாஸின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு கீழே ஸ்வரங்களை நெருக்கி அடுக்கினால் எதுவும் பிரிந்து கேட்காது, வெறும் உறுமல்தான் மிஞ்சும். அதனால் அங்கே ஸட்ஜமும் (ஸ) பஞ்சமமும் (ப) மட்டும் வைத்து, காந்தாரத்தை (க) மேலே வயோலாவிடம் கொடுத்தேன். அப்புறம் இன்னொரு சிக்கல். இந்தப் படத்தைப் பாதிப் பேர் எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வரவே வராது. அதே வரியை ஒரு ஸ்தாயி மேலே பேஸ் கிளாரினெட்டுக்கும் எழுதினேன்.

மற்ற வாத்தியங்கள் எல்லாம் கணினியில். செல்லோ மட்டும் நேரடி வாசிப்பு. ஏசியையும் மின்விசிறியையும் அணைத்துவிட்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் படுக்கையறையில் பதிவு செய்தோம். வாசித்த தங்கைக்கு வியர்த்துக் கொட்டியது. வில்லைக் குதிரையை, அதாவது தந்திகளைத் தாங்கும் மரத்துண்டை, ஒட்டி இழுக்கச் சொன்னேன். ஸ்வரத்தின் கனம் கரைந்து, கண்ணாடியைக் கீறுவது போன்ற ஓர் ஒலி மேலே எழுந்தது. முகமூடிக்காரனின் முகம் எனக்கு அதில்தான் கிடைத்தது.

இரண்டாம் வயலின், பிடோக்

நான் எழுதியதில்லை, வாசித்திருக்கிறேன். திரையில் படம் ஓட, கீழே எஸ்பிளனேட் கலையரங்க மேடையில் நாங்கள். காதுக்குள் தாளம் காட்டும் கிளிக் ஒலி ஓடிக்கொண்டே இருக்கும். சண்டைக் காட்சிகூட எளிது. நாயகன் வருவதற்கு முன் வில்லின் நுனியில், மிக மெல்லிசாக, நடுக்கமாக ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருப்போமே, அதுதான் மணிக்கட்டைக் கொல்லும். கை கொஞ்சம் இறுகினாலும் சத்தம் கூடிவிடும், காட்சி கெட்டுவிடும். ரசிகர்கள் மூச்சைப் பிடித்திருப்பது மேடைக்கே தெரியும்.

வயலின் ஆசிரியை, செங்காங்

நான் கற்றுக்கொடுப்பது கர்நாடக வயலின். ‘தி டார்க் நைட்’ (2008) பேட்மேனுக்கு ஹான்ஸ் ஜிம்மரும் ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்டும் வைத்தது இரண்டே ஸ்வரம் என்று சொன்னால் மாணவர்கள் நம்ப மாட்டார்கள். ஸட்ஜமும் சாதாரண காந்தாரமும் (தாழ்ந்த ‘க’) தான். வாசித்துக் காட்டுவேன். ‘அப்புறம் டீச்சர்?’ என்று கேட்பார்கள். அப்புறம் ஒன்றும் இல்லை, அந்த ஏக்கத்தோடு விட்டுவிடுவதுதான் அதன் பலம். அதோடு நடபைரவி ராகத்தின் மற்ற ஸ்வரங்களைச் சேர்த்தால் சோகம் நிதானமாக இறங்கும். கைசிகி நிஷாதத்தை (தாழ்ந்த ‘நி’) காகலியாக (உயர்ந்த ‘நி’) மாற்றிக் கீரவாணி ராகத்துக்குப் போனால் அதே சோகத்துக்குள் ஒரு மிரட்டல் வந்துவிடும். மேற்கத்திய மைனரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இந்த மாதிரிப் படங்கள் நம் பிள்ளைகளுக்கு நல்ல பாடம்.

உட்லண்ட்ஸ் அண்ணா, அந்த வயோலா காந்தாரம் சாதாரணமா, அந்தரமா (உயர்ந்த ‘க’)? அந்தரம் என்றால் காப்பாற்ற வந்தவன் என்று முன்பே சொல்லிவிடுமே. அந்தப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து போடுங்கள், சனிக்கிழமை வகுப்பில் வாசித்துப் பார்க்கிறோம்.