டிராகூன்: ‘குதிரைப்படை’ என்று எழுதலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நடந்த இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் குறித்த கட்டுரையில் ‘டிராகூன்’ (குதிரையில் சென்று, இறங்கி நின்று போரிட்ட வீரர்) வருமிடமெல்லாம் ‘குதிரைப்படை’ என்றே எழுதிவிடலாம் என நண்பர் ஒருவர் முன்மொழிந்துள்ளார். 1645 ஜூன் 14 அன்று நேசுபி என்ற ஊரில் நடந்த சண்டையைப் பார்த்தால் இது பொருந்தவில்லை.

அன்று நாடாளுமன்றப் படையின் இடப்புறத்தில் அயர்ட்டனின் குதிரைப்படை நின்றது. அதற்கும் அப்பால், சல்பி உயிர்வேலியோரம், கர்னல் ஓக்கியின் டிராகூன்கள் குதிரையைவிட்டு இறங்கி, தாக்க வந்த அரசர் தரப்புத் தளபதி இளவரசர் ரூப்பர்ட்டின் குதிரைவீரர்களைப் பக்கவாட்டிலிருந்து சுட்டனர். இம்மூன்று பிரிவினரையும் ‘குதிரைப்படை’ என்றால், யார் யாரைச் சுட்டார் என்பதே படிப்பவருக்கு விளங்காது.

ஊதியத்திலும் இவர்கள் தனி இனமே. அவ்வாண்டு உருவான நாடாளுமன்றத்தின் புதுமுறைப் படையில் நாளொன்றுக்குக் காலாளுக்கு 8 பென்ஸ், குதிரைவீரருக்கு 2 ஷில்லிங், டிராகூனுக்கு ஒன்றரை ஷில்லிங். குதிரைப்படைக்கு 11 படைப்பிரிவுகளும் காலாட்படைக்கு 12 படைப்பிரிவுகளும் இருக்க, இவர்களுக்கு 1000 பேர் கொண்ட ஒன்றே ஒன்று. இவர்களுக்குக் குதிரை போக்குவரத்துக்கானது. ஆகவே விலை குறைந்த, சிறிய குதிரையே போதுமானதாயிருந்தது.

டிராகூனுக்குத் தமிழில் வேறு என்ன சொல்லலாம்? ‘இராவுத்தர்’ நல்ல பழஞ்சொல்தான். ஆனால் அது குதிரைமேலிருந்து பொருபவரைக் குறித்த சொல், இன்றோ ஒரு சமூகத்தாரின் பெயர். ‘குதிரைக் காலாள்’ என்றால் குதிரையின் கால்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ‘பரியூர் காலாள்’ இலக்கணப்படி சரி, ஊர்தல் ஏறிச்செல்லுதலே. ஆயினும் பேருந்துப் பலகையில் காணும் ஊர்ப்பெயர் போல ஒலிப்பதை என்னால் மறக்க முடியவில்லை.

‘பரியேறு காலாள்’ என்பது என் பரிந்துரை. படையைக் குறிக்கையில் ‘பரியேறு காலாட்படை’ எனலாம். முதன்மைச் சொல் காலாள் என்பதால், இறங்கிப் போரிடுபவர் என்ற பொருள் தானே வந்துவிடுகிறது.

ஒரு தடை எழக்கூடும். நேசுபியிலேயே, போரின் பிற்பகுதியில், ஓக்கியின் ஆட்கள் மீண்டும் குதிரையேறி அரசர் தரப்புக் காலாட்படைமீது பாய்ந்தனர். உண்மைதான், ஆனால் பெயர் வழக்கமான பணியைக் குறித்தால் போதும், விதிவிலக்கைக் கட்டுரையே சொல்லிக்கொள்ளும். பிற்காலத்தில் டிராகூன்கள் முழுக் குதிரைப்படையாகவே மாறிவிட்டதால், அப்பிற்காலம் பற்றிய கட்டுரைகளில் இச்சொல்லைப் புகுத்தாமல் ‘டிராகூன்’ என்றே ஒலிபெயர்த்து எழுதலாம் எனக் கருதுகிறேன்.