எண்ணூரில் எண்ணெய் அள்ளிய நாட்கள்

எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டது 2017 ஜனவரி 28 விடியற்காலையில். கடலுக்குப் பெரிய பாதிப்பில்லை என்றுதான் முதலில் செய்தி வந்தது. அடுத்த சனிக்கிழமை எர்ணாவூர் ராமகிருஷ்ணா நகர் குப்பத்தில், முழங்கால் வரை கறுப்புக் குழம்பில் நின்றுகொண்டிருந்தேன்.

கசிந்தது ஃபர்னஸ் ஆயில். தார் மாதிரி கெட்டி. அதை அலை கடைந்து கடைந்து, கடல்நீரோடு சேர்த்துக் களி போல ஆக்கியிருந்தது. லாரிகளில் வந்த உறிஞ்சு குழாய்கள் தண்ணீரைத்தான் இழுத்தன, களி அப்படியே கிடந்தது. அப்புறம் வாளிதான். குப்பத்து ஆட்கள், கல்லூரிப் பிள்ளைகள், சீருடைக்காரர்கள் எல்லோரும் வரிசையாக நின்று கைமாற்றினோம். கையுறை கிழிந்தால் வேறு இல்லை. மாலையில் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. தலைவலி இரண்டு நாள் இருந்தது.

எண்ணெய் சிந்தினால் யார் என்ன செய்ய வேண்டும் என்று 1996 முதலே தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஒருங்கிணைக்க வேண்டியது கடலோரக் காவல் படை. துறைமுக எல்லைக்குள் துறைமுகம், கரையில் மாநில அரசு. காகிதத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. நான் கரையில் பார்த்தது வேறு. நிரம்பிய பீப்பாய்களை எடுத்துப் போக லாரியை யார் அனுப்புவது என்று இரண்டு துறைக்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அலை வந்து, அள்ளிய இடத்தையே மறுபடி மூடியது.

எண்ணெய் ஏன் அந்த மூலையில் அவ்வளவு சேர்ந்தது? பக்கத்தில் நின்ற பெரியவர் தூண்டில் வளைவை, கடலுக்குள் நீட்டிக் கொட்டியிருந்த கல் சுவரைக் காட்டினார். "கடல் அரிக்குதுன்னு போட்ட கல்லு தம்பி. இப்ப எண்ணெயைப் புடிச்சு வச்சிருக்கு." தெற்கிலிருந்து வடக்கே ஓடும் தெண்டி நீரோட்டம்தான் எங்கள் கரைக்கு மணல் கொண்டுவரும். சென்னைத் துறைமுகத்தின் சுவர் அதை மறித்ததில் மெரினா அகலமானது, ராயபுரத்திலிருந்து வடக்கே கரை கரைந்துபோனது. அதற்கு மருந்தாகக் கொட்டியவைதான் இந்தக் கற்கள்.

உங்களில் யாராவது அங்கே இருந்தீர்களா?

*

அண்ணா, நான் எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் காட்டுக்குப்பம். 2017இல் எங்கள் பக்கம் தப்பித்தது. 2023 டிசம்பரில் தப்பவில்லை.

மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்தபோது வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரம் வரை பரவியிருந்தது. அப்பாவின் படகு, வலை, பாத்திரம், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் ஒரே பிசுக்கு. கூழைக்கடாக்கள் இறக்கை கறுத்துப்போய்க் கரையில் உட்கார்ந்திருந்தன. இயந்திரங்களும் மிதவைத் தடுப்புகளும் வருவதற்கு முன்பே எங்கள் ஆட்கள் படகில் போய் வாளியாலும் மக்காலும் அள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் 2,301க்குத் தலா 12,500, மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, படகுகள் 787க்குத் தலா 10,000. வாங்கினோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது சேதத்துக்கு. கொசஸ்தலை ஆற்றில் இறால் இல்லாத மாதங்களுக்கு அதில் கணக்கே இல்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது. அவர்கள் இழந்ததை எந்தப் படிவத்தில் எழுதுவது? என் சித்தி அதைத்தான் கேட்டார். கேட்ட இடத்தில் பதில் வரவில்லை.

*

தங்கச்சி, உங்கள் சித்தி கேட்டது சரியான கேள்வி. 2017லும் படகு வைத்திருப்பவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களிடம் வாரக்கணக்கில் யாரும் மீன் வாங்கவில்லை, எண்ணெய் மீன் என்று பயந்து. என் அம்மாவும் அவர்களில் ஒருவர்.

நாங்கள் திருவொற்றியூர். பாட்டி காலத்தில் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே வலை காயவைக்க இடம் இருந்ததாம். இப்போது வாசலைத் தாண்டினால் சாலை, சாலையைத் தாண்டினால் கல். அடுத்த முறை எண்ணெய் வந்தால் இறங்கி அள்ளுவதற்குக்கூட எங்களுக்கு மணல் இல்லை.