மவுண்ட் ஹேகனில் ஆறு மாதம்: கதவைப் பூட்டியது தப்பா?

தூத்துக்குடி பிரதர்:
எனக்கு வயது 24. பாப்புவா நியூ கினியில், மவுண்ட் ஹேகன் பக்கம் ஒரு பங்கில் மறைபணி செய்கிறேன். மலைக்குளிர் பழகிவிட்டது. சோற்றுக்குப் பதில் தினமும் கவ்கவ், அதாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அதுவும் சரி. ஆனால் அம்மா கொடுத்தனுப்பிய போர்வையைப் பக்கத்து வீட்டுப் பையன் கேட்காமலே போர்த்திக்கொண்டு போகிறான். வாங்கி வைத்த அரிசி இரண்டே நாளில் தீர்ந்துவிடுகிறது. கதவைப் பூட்டினேன். அன்றிலிருந்து யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ராத்திரியில் அழுகை வருகிறது.

மலைநாட்டு சிஸ்டர்:
தம்பி, நானும் அங்கே ஒன்பது வருஷம் இருந்தேன். 800க்கும் மேல் மொழிகள் உள்ள நாடு அது. ஒரே மொழி பேசுகிறவரை, அங்கே பொதுமொழியான டோக் பிசினில் 'வான்டோக்' என்பார்கள். வான்டோக் கேட்டால் இல்லை என்று சொல்வது பெரிய அவமதிப்பு. உங்களுக்கு இல்லாத நாளில் அவர்கள் தருவார்கள். போர்வையை எடுத்தவன் உங்களைச் சொந்தமாக நினைத்துவிட்டான் தம்பி! யார் வீட்டிலாவது இழவு விழுந்தால் 'ஹவுஸ் க்ராய்' நடக்கும், நாள் கணக்கில் கூடி அழுவார்கள். அரிசியோடு போய்ப் பேசாமல் தரையில் உட்காருங்கள்.

பழைய பணியாளர்:
பாஸ்போர்ட்டையும் மருந்தையும் பூட்டுங்கள், அரிசி வெளியே இருக்கட்டும். ராத்திரி அழுகையைப் பங்கு ஃபாதரிடம் மறைக்காதீர்கள்.

தூத்துக்குடி பிரதர்:
சிஸ்டர், போன வாரம் அந்தப் பையனின் தாத்தா இறந்துவிட்டார். போனேன். பெண்கள் உடம்பில் களிமண் பூசி அழுதுகொண்டிருந்தார்கள். எனக்குச் சொல்ல வார்த்தை இல்லை. பையன் என் போர்வையைத் தரையில் விரித்து, பக்கத்தில் உட்காரச் சொன்னான்.