புதுப்பிப்பு: முட்டிவலி அம்மாவோடு வெனிஸ் கோபுரம், ஏறிவிட்டோம்

ராயபுரத்திலிருந்து வெனிஸ் போகிறோம், அதிக நேரம் நிற்க முடியாத அம்மாவுக்கு ஊரை உயரத்திலிருந்து காட்ட வழி உண்டா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "சான் மார்க்கோ கோபுர வரிசையில் நிற்காதீர்கள், எதிர்த் தீவிலுள்ள சான் ஜார்ஜோ மஜ்ஜோரே தேவாலயத்துக்குப் போங்கள், அங்கேயும் லிஃப்ட் உண்டு" என்ற யோசனைதான் கைகொடுத்தது.

சான் சக்காரியா துறையில் 2ஆம் எண் படகு. அடுத்த நிறுத்தமே தீவு. கோயிலுக்குள் போகக் காசு இல்லை, கோபுரத்துக்கு மட்டும் டிக்கெட். எங்களுக்கு முன்னால் நான்கே பேர். கட்டடம், பல்லாடியோ என்ற கட்டடக் கலைஞர் 1566இல் தொடங்கியது. கோபுரம் 1774இல் இடிந்து 1791இல் மறுபடி எழுந்தது.

எதிர்பாராதது இரண்டு. மேலே நிற்கும்போது 12 மணி அடித்தது, பக்கத்திலேயே! காதைப் பொத்திக்கொள்ளத் தயாராகப் போங்கள். அப்புறம், பீடத்தின் வலப்புறச் சுவரில் தின்தொரெத்தோ என்ற ஓவியர் வரைந்த, இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இராவுணவு. மேசை கோணலாக ஓடுகிறது, விளக்குப் புகையில் தேவதூதர்கள். அம்மா பார்த்ததோ கூடைக்குள் எட்டிப்பார்க்கும் பூனையை. "பந்தி நடக்குற இடத்துல பூனை இல்லாம இருக்குமா?" என்றார். அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம்.