‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாவல்தானா?

அடையாறு செந்தில்:
ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் நூலகத்தில் நம் வாசகர் வட்டம் இந்தப் புத்தகத்தைப் பேச எடுத்திருக்கிறது. என் மறுப்பை இப்போதே வைத்துவிடுகிறேன். மாயூரம் வேதநாயகம் பிள்ளை எழுதி 1879-இல் அச்சானது, தமிழில் முதலில் வந்தது, எல்லாம் சரி. ஆனால் அது நாவல் இல்லை. யாராவது வாயைத் திறந்தால் ஒரு கிளைக்கதை, அதன் வாலில் ஓர் உபதேசம், அப்புறம் அடுத்த கிளைக்கதை. கதாநாயகன் பிரதாபனும் அவன் மனைவி ஞானாம்பாளும் பல பக்கங்களுக்குக் காணாமலே போய்விடுகிறார்கள். ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’தான் நமக்கு முதல் நாவல். சிறுகுளம் என்ற ஊரே அதில் மூச்சு விடுகிறது. பெண்கள் கூடி ஊர்க்கதை பேசும் வம்பர் மகாசபையை ஒருமுறை படித்துப் பாருங்கள். அந்த வம்புதான் பின்னால் ஒரு குடும்பத்தையே குலைக்கிறது.

மயிலாப்பூர் வசந்தி:
கதைக்குள் கதை வந்தால் நாவல் இல்லை என்று யார் விதித்தது? விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தானே வேதநாயகம் பிள்ளை எழுதினார்? தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்கவே எழுதுகிறேன் என்று முன்னுரையிலேயே சொல்கிறார். செய்யுளில் நீதிநூல் எழுதிப் பெயர் வாங்கியவர் அதை விட்டு இந்தப் பக்கம் வந்தது எவ்வளவு பெரிய துணிச்சல்!

உபதேசம் என்று ஒதுக்குகிறீர்களே, அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? ஆண்வேடத்தில் போகும் ஞானாம்பாளுக்குப் பட்டத்து யானை மாலை போட, அவள் விக்கிரமபுரியை ஆள்கிறாள். தமிழ் தெரிந்த கட்சிக்காரர் முன்னால் வக்கீல்கள் இங்கிலீஷில் வாதாடுவதை இந்த நாவல் கண்டிக்கிறது. எழுதியவர் முன்சீப் நீதிபதியாக இருந்து நேரில் பார்த்தவர். நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை. அந்தப் பக்கங்களை எப்படித் தாண்டிப் போவது?

அடையாறு செந்தில்:
கருத்து பெரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை ஒரு கட்டுரையாகவும் எழுதியிருக்கலாமே! ஞானாம்பாள் எந்த இடத்திலாவது தடுமாறுகிறாளா? அரியணையில் ஏறிய நாளிலிருந்து எல்லாம் தெரிந்தவளாகவே இருக்கிறாள். கமலாம்பாளின் கணவர் முத்துஸ்வாமி ஐயரைப் பாருங்கள். ஊர் சொல்லும் அபவாதத்தை நம்பி, அன்பான மனைவியையே சந்தேகிக்கிறார். மனசு உள்ளுக்குள் உடைவதைத் தமிழ் உரைநடை அங்கேதான் முதலில் காட்டியது. ‘விவேக சிந்தாமணி’ இதழில் 1893-இல் ‘கமலாம்பாள்’ தொடராகத் தொடங்கியபோது ராஜம் ஐயருக்கு வயது 21.

தாம்பரம் கதிர்:
கல்லூரியில் பாடமாக வைத்ததால்தான் பிரதாபனைப் படித்தேன். எனக்குப் பிடித்தது அவன் தன் கதையைத் தானே சொல்கிற தொனி. பிரதாபன் செல்லப்பிள்ளை என்பதால், அவன் தப்புக்கு உபாத்தியாயரின் மகன் கனகசபை அடி வாங்குகிறான். பணக்கார வீட்டு வளர்ப்பை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? செந்தில் சார் கேட்கும் ஊர் வாழ்க்கை இங்கேயும் இருக்கிறதே.

மயிலாப்பூர் வசந்தி:
நன்றாகச் சொன்னாய் தம்பி. செந்தில், ‘கமலாம்பாள்’ மட்டும் உபதேசம் இல்லாததா? பின்பாதியில் முத்துஸ்வாமி ஐயர் குருவைத் தேடிப் போகிறார், கதை வேதாந்தத்துக்குள் இறங்கிவிடுகிறது. அதை மன்னிக்கிற நீங்கள் வேதநாயகம் பிள்ளையை ஏன் மன்னிப்பதில்லை?

அடையாறு செந்தில்:
ராஜம் ஐயருக்கு அது ஒட்டவைத்த உபதேசம் இல்லை, அவருடைய சொந்தத் தேடல். சென்னையில் ‘பிரபுத்த பாரதா’ என்ற வேதாந்த இதழுக்கு ஆசிரியராக இருந்து, 1898-இல் 26 வயதில் இறந்தவர் அவர். எல்லாம் இழந்த மனிதன் குருவைத் தேடிப் போவதற்குக் கதையிலேயே காரணம் இருக்கிறது. விக்கிரமபுரி யானைக்கு என்ன காரணம்?

மயிலாப்பூர் வசந்தி:
அன்றைய ஊரில் ஒரு பெண்ணை நீதி சொல்லும் இடத்தில் உட்காரவைக்க வேறு வழி ஏது? அதுதான் காரணம். ஞாயிறன்று வக்கீல் பகுதியை நான் வாசிக்கிறேன். நீங்கள் வம்பர் மகாசபையைக் கொண்டுவாருங்கள்.