பேரிங் பழுதைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவு மாதிரி: ஆய்வகத்தில் 99 விழுக்காடு, ஆலையில் தோல்வி. காரணம் என்ன?

கேள்வி (ஆய்வு மாணவி):

வணக்கம். சுழலும் இயந்திரங்களின் பேரிங் பழுதைச் செயற்கை நுண்ணறிவால் தானாகக் கண்டறிவது என் முனைவர் பட்ட ஆய்வு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலுள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் பொதுவில் வைத்திருக்கும் அதிர்வுத் தரவைக் கொண்டு ஒரு நரம்பு வலைப்பின்னலுக்குப் பயிற்சி கொடுத்தேன். நொடிக்கு 12,000 அளவீடுகளாகப் பதிவான கோப்புகளை, 1024 அளவீடுகள் கொண்ட துண்டுகளாக, பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வெட்டினேன். பிறகு எல்லாவற்றையும் கலைத்து, 80 விழுக்காட்டைப் பயிற்சிக்கும் 20 விழுக்காட்டைச் சோதனைக்கும் ஒதுக்கினேன். துல்லியம் 99 விழுக்காட்டைத் தாண்டியது. ஆனால் ஒரு நூற்பாலையின் மோட்டார்களில் வைத்துப் பார்த்தபோது, முந்தைய வாரம் புதுப் பேரிங் போட்ட மோட்டார் உட்பட ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் "உள் வளையப் பழுது" என்றே அது சொல்கிறது. ஆலையில் இருப்பவை 6308 என்ற அளவு எண் கொண்ட பேரிங்குகள், மோட்டார்கள் வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) வழியாக ஓடுகின்றன. தவறு மாதிரியிலா, தரவிலா?

மறுமொழி (அதிர்வலை):

இரண்டிலும் இல்லை, நீங்கள் தரவைப் பிரித்த முறையில் இருக்கிறது. பாதி படியுமாறு வெட்டிய அடுத்தடுத்த துண்டுகளில் ஒன்று பயிற்சிக்கும் மற்றது சோதனைக்கும் போனால், சோதனைத் துண்டின் பாதி எண்களை வலைப்பின்னல் ஏற்கெனவே பார்த்துவிட்டது என்று பொருள். படியாமல் வெட்டினாலும் சிக்கல் தீராது. அந்தத் தரவில் ஒவ்வொரு பழுது வகைக்கும் அளவுக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு பேரிங்தான் உண்டு. அதையே 0 முதல் 3 குதிரைத்திறன் வரையிலான சுமைகளில் ஓட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே ஒரு சுமையில் பயிற்றுவித்து வேறொரு சுமையில் சோதித்தாலும் இருபுறமும் நிற்பது அதே பேரிங்தான். உங்கள் வலைப்பின்னல் பழுதைக் கற்கவில்லை. அந்தப் பேரிங்கையும் அது பொருத்தப்பட்ட விதத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறது. 0.007, 0.021 அங்குலப் பழுதுகளில் பயிற்சி கொடுத்து, 0.014 அங்குலப் பழுதில் மட்டும் சோதித்துப் பாருங்கள். துல்லியம் விழும், ஆய்வேட்டில் எழுத வேண்டியது அந்த எண்ணைத்தான்.

இன்னொன்று, அங்குள்ள 6205 பேரிங்கில் 9 குண்டுகள். ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு அவை வெளி வளையப் பழுதின்மேல் 3.585 முறையும் உள் வளையப் பழுதின்மேல் 5.415 முறையும் மோதும். நிமிடத்துக்கு 1797 சுற்று வேகத்தில் இந்த மோதல்கள் முறையே சுமார் 107, 162 ஹெர்ட்ஸ். 6308-இன் வடிவளவுகள் வேறு என்பதால் இந்த மடங்குகளும் மாறும், வி.எஃப்.டி. வேகத்தை மாற்ற மாற்ற ஹெர்ட்ஸ் கணக்கும் நகரும். எனவே அதிர்வலையை அப்படியே கொடுக்காமல், அதிர்வின் வீச்சு எந்தெந்த அதிர்வெண்ணில் ஏறி இறங்குகிறது என்று காட்டும் உறை நிறமாலையைக் கணித்து, அதன் அச்சை ஷாஃப்ட் வேகத்தின் மடங்குகளாக மாற்றிக் கொடுங்கள். துண்டின் நீளமும் போதாது. 1024 அளவீடுகள் என்பது 85 மில்லிநொடி. குண்டுகளைப் பிடித்து வைத்திருக்கும் பேரிங் கூண்டு அதற்குள் ஒரு முறைதான் சுற்றி வரும்.

மறுமொழி (ஆலைப் பராமரிப்பு):

இருபது ஆண்டுகளாகப் பேரிங் மாற்றி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன் அம்மா. அந்தத் தரவிலுள்ள பழுதுகள் மின்பொறி கொண்டு குடைந்த குழிகள். அவற்றின் விளிம்பு கூர்மையாக இருக்கும். ஆலையில் உலோகச் சோர்வால் மேற்பரப்பு செதிலாகப் பெயர்ந்து, நாள்பட விரியும். வி.எஃப்.டி. மோட்டார்களில் ஷாஃப்ட் வழியாக மின்னோட்டம் பாய்ந்து, வளையத்தில் சீரான இடைவெளியில் குறுக்கு வரிகள் விழுவதும் உண்டு. ஜெர்மனியின் பாடர்போர்ன் பல்கலைக்கழகத் தரவில், செயற்கையாகச் சேதப்படுத்திய 12 பேரிங்குகளோடு, வேகப்படுத்திய ஆயுள் சோதனையில் தானாகச் சேதமடைந்த 14 பேரிங்குகளும் இருக்கின்றன. முதல் வகையில் பயிற்சி, இரண்டாம் வகையில் சோதனை என்று வைத்தால் ஆலைக்குச் சற்று நெருங்கி வருவீர்கள். உணரியைப் பெயின்ட்டின் மேலேயே காந்தத்தால் ஒட்டியிருந்தால் உயர் அதிர்வெண்கள் சரியாகப் பதிவாகா. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு பேரிங்கையும் மோட்டார் எண், தேதி எழுதிய சீட்டோடு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உங்கள் மாதிரி சொன்னது சரியா என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

மறுமொழி (ஆய்வு மாணவி):

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பழுதின் அளவை வைத்துப் பிரித்துச் சோதித்தேன், துல்லியம் சரிந்துவிட்டது. வருத்தம்தான், ஆனால் ஆலையில் கண்டதற்கு இப்போது விளக்கம் கிடைத்திருக்கிறது. ஆலை மோட்டார்கள் அனைத்திலும் 4 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு பட்டை தெரிகிறது; அது வி.எஃப்.டி.யின் சுவிட்சிங் அதிர்வெண், அதாவது அந்தக் கருவி மின்சாரத்தை நொடிக்கு எத்தனை முறை இணைத்துத் துண்டிக்கிறது என்ற எண்ணிக்கை. என் மாதிரி அதைத்தான் பழுதென்று எடுத்துக்கொண்டிருக்கிறது. உறை நிறமாலையில் பார்த்தால், புதுப் பேரிங் போட்ட மோட்டாரில் பழுதின் சுவடே இல்லை. வேறொரு மோட்டாரில் மட்டும் 6308-இன் வெளி வளைய மடங்கும் அதன் இரட்டிப்பும் தெளிவாகத் தெரிகின்றன. அடுத்த பராமரிப்பு நாளில் அதைக் கழற்றி, வளையத்தை அறுத்துப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். படங்களை இங்கேயே பதிவிடுகிறேன்.